கணித மேதை ராமானுஜனின் கடைசி ஓராண்டு: நோய்ப்படுக்கை அருகே இருந்த ஜானகி அம்மாள்

நோயாளியை நலம் விசாரிக்கப் போவது நம் சமுதாயத்தில் இன்னும் குறையாமல் இருக்கும் நல்ல வழக்கங்களில் ஒன்று. புழலில் எங்கள் மஹல்லாவில் ஒருவர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால், அசர் தொழுகை முடிந்ததும் நான்கைந்து பேர் கிளம்பிவிடுவோம். வழியில் பழக்கடையில் நின்று சாத்துக்குடி வாங்கிக்கொள்வோம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவார்கள். ஸ்டான்லியில் காட்டினீர்களா, டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்போம். ஷிஃபாவுக்காக துஆச் செய்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு எழுந்து வருவோம்.

இத்தனை நேரமும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருப்பார். அந்த டீயைப் போட்டு அனுப்பியவர் அவர்தான். நோயாளிக்கு இரவில் மூன்று முறை எழுந்து தண்ணீர் கொடுத்தவரும், படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டவரும் அவர்தான். அவரை ஒரு வார்த்தை விசாரித்தோமா? பல ஆண்டுகளாக நானும் விசாரிக்காமல்தான் வந்திருக்கிறேன்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து. கணித மேதை ராமானுஜனைப் பற்றிப் பள்ளியில் பேச வேண்டும், குறிப்பு எடுத்துக் கொடுங்கள் அத்தா என்று என் மகன் கேட்டான். அரபு மத்ரஸாவில் ஓதிவிட்டுப் பிறகு கலைக் கல்லூரியில் படித்தவன் நான். எனக்கும் கணக்குக்கும் வெகுதூரம். ஆனாலும் ராமானுஜன் நம் வடசென்னைக்கு அந்நியர் இல்லை. நம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் ராயபுரத்தில் இருக்கிறது. கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் 1993ல் தொடங்கியது அது. மகனுக்காகப் படிக்கத் தொடங்கிய நான், மேதையின் கணக்குகளைத் தாண்டி, அவருக்குப் பணிவிடை செய்த மனைவியின் வாழ்க்கையில் வந்து நின்றுவிட்டேன்.

மார்க்கம் வேறாக இருந்தாலும், ஒரு வீட்டுக்குள் நோய் நுழைந்தால் அந்த வீட்டுப் பெண் படும் பாடு ஒன்றுதான். அதனால் இந்த வாழ்க்கையை நம் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

துறைமுகத்துக் குமாஸ்தா

ராமானுஜன் 1887 டிசம்பர் 22ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். கையில் காசு தங்காத குடும்பம். பிள்ளை கணக்கில் புலி. மற்றப் பாடங்களைத் திரும்பிப் பார்க்காததால் கும்பகோணம் கல்லூரியிலும் தேறவில்லை, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை. நோட்டுப் புத்தகங்களில் சூத்திரங்களாக எழுதி நிரப்பிக்கொண்டிருந்த அந்த இளைஞருக்கு ஒரு திருமணம் செய்துவைத்தால் பொறுப்பு வரும் என்று தாயார் கோமளத்தம்மாள் நினைத்தார். நம் வீடுகளிலும் கேட்டுப் பழகிய யோசனைதான்.

1909 ஜூலை 14ல் குளித்தலை அருகே உள்ள ராஜேந்திரம் கிராமத்தில் ஜானகியுடன் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது பத்து. அந்தக் காலத்து வழக்கப்படி பெண் தாய்வீட்டிலேயே இருந்தாள். கணவரோடு சென்னையில் குடித்தனம் தொடங்கச் சில ஆண்டுகள் ஆயின.

1912 மார்ச் 1ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ராமானுஜன் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் வீடு. அந்தச் சிறிய வீட்டில் தாயாரும் ஜானகியும் உடன் இருந்தார்கள். அலுவலகம் போகும் முன்பும் கணக்கு, வந்த பின்பும் கணக்கு. சோற்றைப் பிசைந்து அவர் கையில் உருட்டி வைத்தால், கணக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே சாப்பிட்டு முடிப்பார். எழுதக் காகிதம் போதாமல், துறைமுகத்தில் சரக்குகளைச் சுற்றி வந்த காகிதங்களைத் தேடி எடுத்ததும் உண்டு.

அலுவலகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், கணக்குப் பிரிவின் தலைவர் நாராயண ஐயரும் இந்தக் குமாஸ்தாவின் தகுதியை அறிந்துகொண்டார்கள். அவர்களுடைய தூண்டுதலில் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதங்கள் போயின. கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி, 1913 தொடக்கத்தில் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, எழுதியவரைத் தன்னிடமே வரவழைக்க முயன்றார். 1914 மார்ச் 17ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பலில் ராமானுஜன் புறப்பட்டார். ஜானகிக்கு அப்போது 15 வயது நிறையச் சில நாட்கள் இருந்தன. கணவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த காலம் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்காது.

கடல் கடந்த ஐந்து ஆண்டுகள்

வளைகுடாவில் வேலை செய்யும் கணவர்களுக்காகக் காத்திருக்கும் சகோதரிகளுக்கு அடுத்த பகுதியை விளக்கத் தேவையில்லை. ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போன சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. அவர் கடுமையான சைவ உணவுக்காரர். பிறர் சமைத்த உணவைச் சாப்பிடத் தயங்கித் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். புளி, அரிசி எல்லாம் ஊரிலிருந்து போக வேண்டும். போர் வந்ததும் காய்கறிகூட அரிதானது. நேரங்கெட்ட நேரத்தில் உழைப்பு, ஒழுங்கில்லாத சாப்பாடு, பழகாத குளிர். பக்கத்தில் இருந்து பசிக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை.

ஊரில் மாமியார் வீட்டில் இருந்த ஜானகிக்கும் அது கடினமான காலம். தம்பதியர் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் பெரியவர்கள் கையைத் தாண்டிப் போய்ச் சேராத நிலை இருந்ததாக வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மனைவி ஏன் எழுதவில்லை என்ற கவலையில் கணவர். கணவர் ஏன் எழுதவில்லை என்ற கவலையில் மனைவி. பிறகு ஜானகி தன் சகோதரர் குடும்பத்தோடு போய் இருந்தார். மரணித்துவிட்டவர்களைக் குறை பேசுவது நமக்கு அழகில்லை. அந்தத் தாயும் மகனுக்காகத் தன்னைத் தேய்த்தவர்தான். ஆனால் தூரத்தில் இருக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே யாரும் குறுக்கே நிற்கக்கூடாது என்ற பாடத்தை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

1917 வசந்த காலத்தில் ராமானுஜன் படுக்கையில் விழுந்தார். அதன் பிறகு இங்கிலாந்தில் அவர் இருந்த காலத்தின் பெரும்பகுதி மருத்துவமனைகளிலும் காசநோய் விடுதிகளிலும் கழிந்தது. நோய் இன்னதென்று மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காசநோய் என்றே பெரும்பாலும் கருதினார்கள். அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கக்கூடும் என்று டி. ஏ. பி. யங் என்ற ஆய்வாளர் 1994ல் எழுதினார். எதுவாக இருந்தாலும் அன்று அதற்குக் கைகண்ட மருந்து கிடைக்கவில்லை.

நோய்ப்படுக்கையில் இருந்தபோதுதான் புகழும் வந்தது. 1918ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை அறிவித்தது. அதற்கு 1919 ஜனவரியில் அவர் எழுதிய பதில் இங்கே நினைக்கத் தக்கது. இந்தத் தொகை தன் தேவைக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போக, தன் அவசியச் செலவுக்கு மேல் மிஞ்சுவதை ஏழை மாணவர்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் கல்விச் செலவாகக் கொடுக்கக் கேட்டுக்கொண்டார். உடல் உருக்குலைந்த நிலையில் ஒருவர் இப்படி எழுதினார் என்பது யாருக்கும் படிப்பினை.

திரும்பி வந்தவர்

1919 மார்ச் 27ல் கப்பல் பம்பாய் வந்து சேர்ந்தது. தாயாரும் தம்பியும் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். ராமானுஜனின் கண்கள் ஜானகியைத் தேடின. அவர் அங்கே இல்லை. கணவர் நாடு திரும்பும் செய்தியையே அவர் பத்திரிகை வழியாகத்தான் அறிந்தார். பிறகு சகோதரரோடு புறப்பட்டு வந்து, ஏப்ரல் மாதம் சென்னையில் கணவரோடு சேர்ந்தார். அனுப்பிவைத்தபோது கட்டுடல் கொண்ட 26 வயது இளைஞர். வந்து நின்றவர் எலும்பும் தோலுமாக இருந்தார். அவருக்கு வயது 31, ஜானகிக்கு 20.

திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகியும், அந்தப் பெண்ணுக்குக் குடும்ப வாழ்க்கை என்று கிடைத்தது அடுத்த ஓராண்டுதான். அதுவும் மருந்து வாசனை நிறைந்த ஓராண்டு.

மயிலாப்பூரில் லஸ் சர்ச் சாலையில் ஒரு வீட்டில் முதலில் தங்கினார்கள். வெயில் ஏறியதும் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடிக்குப் போனார்கள். செப்டம்பரில் கும்பகோணம். உடல் தேறவில்லை. காசநோய் மருத்துவத்தில் பெயர் பெற்ற டாக்டர் சந்திரசேகர ஐயரின் சிகிச்சைக்காக 1920 ஜனவரியில் மீண்டும் சென்னை. சேத்துப்பட்டில் ஒரு வீடு, பிறகு இன்னொரு வீடு, கடைசியில் கோமேத்ரா என்ற வீடு. கட்டுமானத் தொழிலில் புகழ்பெற்ற நம்பெருமாள் செட்டியார் வீடு கொடுத்து உதவினார்.

ஓராண்டில் இத்தனை வீடுகள். நோயாளியை வைத்துக்கொண்டு ஒரு முறை வீடு மாறியவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். பாத்திரம் பண்டம் கட்ட வேண்டும். புது வீட்டில் தண்ணீர் எங்கே, அடுப்பு எங்கே என்று பார்க்க வேண்டும். நோயாளிக்குக் காற்று வரும் அறை, மற்றவர் சத்தம் எட்டாத அறை பார்த்துக் கட்டில் போட வேண்டும். ஊர் ஊராக மாறினாலும், நோயாளியின் சாப்பாட்டு வேளை மாறக்கூடாது.

இரண்டு வெந்நீர்ப் பாத்திரங்கள்

அந்த ஓராண்டில் தான் என்ன செய்தேன் என்பதை ஜானகி அம்மாள் பிற்காலத்தில் மிகச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். வேளாவேளைக்குச் சோறும், எலுமிச்சைச் சாறும், மோரும் கொடுத்தார். காலிலும் மார்பிலும் வலி என்று கணவர் சொன்னபோது வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். இதைத் தனக்குக் கிடைத்த பாக்கியம் என்றே அவர் குறிப்பிட்டார். வெந்நீர் வைத்த அந்த இரண்டு பாத்திரங்களையும் வெகுகாலம் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைப் பார்க்கும்போது அந்த நாட்கள் நினைவுக்கு வரும் என்றார்.

சொன்னது இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது. செய்தது அவ்வளவு சிறியது இல்லை. விறகடுப்புக் காலம் அது. அடுப்பை மூட்டி, புகையை ஊதி, நீர் சூடாகும்வரை காத்திருந்து, துணியை நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில் மார்பில் வைத்து, ஆறியதும் எடுத்து, மறுபடி நனைக்க வேண்டும். வலி பகல் பார்த்து வருவதில்லை. உள்ளே ஒரு பாத்திரம் ஆறும்போது அடுப்பில் இன்னொரு பாத்திரம் தயாராக இருந்தால்தான் ஒத்தடம் தடைபடாது. அவர் ஏன் இரண்டு பாத்திரங்கள் வைத்திருந்தார் என்பதை, இந்த வேலையைச் செய்த எந்தப் பெண்ணும் கேட்காமலே புரிந்துகொள்வார்.

அது காசநோய் என்று நம்பப்பட்ட காலம். அந்த நோய்க்கான முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்தில் குணமாகிவிடுகிறது. அன்று அந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டார் ஒதுங்கிய காலம். தனக்கும் தொற்றிவிடும் என்ற பயம் இருபது வயதுப் பெண்ணுக்கு வராமலா இருந்திருக்கும்? ஆனாலும் ஜானகி விலகி நிற்கவில்லை.

நீண்ட நாள் படுத்திருப்பவருக்குக் கோபம் வரும். சோறு கசக்கும், மருந்து கசக்கும், பக்கத்தில் இருப்பவரும் கசப்பார். ராமானுஜனும் அந்த ஆண்டில் எரிச்சல் மிகுந்தவராக, மருத்துவத்துக்கு எளிதில் இணங்காதவராக இருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பழைய மனத்தாங்கலும் தீர்ந்துவிடவில்லை. இவை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் கணவனும் மனைவியும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டார்கள். நீ என்னோடு இங்கிலாந்துக்கு வந்திருந்தால் எனக்கு இந்த நோயே வந்திருக்காது என்ற பொருள்பட ராமானுஜன் அவரிடம் சொன்னாராம். கணவன் வாயிலிருந்து வரும் இப்படி ஒரு சொல், இரவெல்லாம் விழித்திருந்த களைப்பைப் போக்கிவிடும். நம்மில் எத்தனை பேர் நம் மனைவியிடம் அப்படி ஒரு சொல் சொல்லியிருக்கிறோம்?

தாள்கள் நிரம்பிய தோல் பெட்டி

அந்தப் படுக்கையில் இருந்தபடியே ராமானுஜன் கணக்குப் போட்டார். 1920 ஜனவரி 12ல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், மாதிரித் தீட்டா சார்புகள் என்று இன்று அழைக்கப்படும் புதிய கண்டுபிடிப்பைத் தெரிவித்தார். கணிதம் அறிந்தவர்கள் அதை அவருடைய மிக ஆழமான பணிகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். அண்டவெளிக் கருந்துளைகளை ஆராய்கிறவர்களுக்கும் அது பயன்படுகிறது.

ஒத்தடம் கொடுத்து வலி தணிந்ததும் அவர் காகிதம் கேட்பார். ஜானகி எடுத்துக் கொடுப்பார். எழுதி முடித்த தாள்களைச் சேர்த்துத் தோல் பெட்டியில் போட்டு வைப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கணவருக்கு அது முக்கியம் என்று தெரியும், அது போதும். இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை இந்த வேலை நடந்தது.

1920 ஏப்ரல் 26ம் நாள் காலை ராமானுஜன் இறந்தார். வயது 32. பிள்ளைகள் இல்லை. ஜானகிக்கு வயது 21.

துக்க வீட்டின் சந்தடியில் சில தாள்கள் கைமாறிப் போனதாக ஜானகி அம்மாள் பிற்காலத்தில் வருந்தினார். மிஞ்சியவை சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும், 1923ல் அங்கிருந்து ஹார்டிக்கும் போயின. பிறகு அவற்றைப் பற்றிய பேச்சே இல்லாமல் போயிற்று. 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியைத் திறந்தபோது அந்தத் தாள்கள் கிடைத்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், ஏறத்தாழ 600 சூத்திரங்கள். தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. ராமானுஜனின் நூற்றாண்டு விழாவில், 1987 டிசம்பர் 22ல் சென்னையில் அதன் அச்சுப் பிரதியைப் பிரதமர் ராஜீவ் காந்தி வெளியிட்டார். பிரதி ஒன்று ஜானகி அம்மாள் கையில் கொடுக்கப்பட்டது. 67 ஆண்டுகளுக்கு முன் தாள் தாளாகத் தன் கையால் சேர்த்து வைத்ததை, புத்தகமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் கணக்குகள் ராமானுஜனுடையவை. அவற்றை எழுத அந்த உடலில் தெம்பு இருந்த நாட்களில் அந்த மோருக்கும் வெந்நீருக்கும் பங்கு உண்டு.

மிஞ்சிய 74 ஆண்டுகள்

பெரும்பாலான புத்தகங்களும் நாடகங்களும் 1920 ஏப்ரலோடு முடிந்துவிடுகின்றன. நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு உள்ளதைத்தான்.

21 வயதில் விதவை. பெரிய படிப்பு இல்லை, சொத்து இல்லை, பிள்ளை இல்லை. பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் கொடுத்தது. ஜானகி பம்பாயில் இருந்த சகோதரர் வீட்டுக்குப் போனார். அங்கே சும்மா இருக்கவில்லை. தையல் கற்றார், ஆங்கிலமும் கற்றார். சில ஆண்டுகளில் சென்னை திரும்பினார். திருவல்லிக்கேணியில் அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்துகொண்டு, துணி தைத்துக் கொடுத்தும், பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும் தன் காலில் நின்றார். வாலாஜா பள்ளிவாசலுக்குத் தொழப் போகும் நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த திருவல்லிக்கேணிதான். உலகம் போற்றும் மேதையின் மனைவி அங்கே பல பத்தாண்டுகள் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார் என்பது, அந்தத் தெரு வழியே போன எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

1950ல் அவருடைய தோழி ஒருவர் இறந்துபோக, தோழியின் ஏழு வயது மகனைத் தன் பிள்ளையாக எடுத்து வளர்த்தார். தைத்துச் சேர்த்த காசில் அவனைப் படிக்க வைத்தார். அவர் வங்கி அதிகாரியானார். அந்த மகனும் மருமகளும் ஜானகி அம்மாளைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஏழைப் பிள்ளைகளும் அநாதைகளும் படிக்க வேண்டும் என்று கணவர் கடிதத்தில் எழுதியதை, மனைவி தன் வீட்டிலேயே செய்து காட்டிவிட்டார்.

கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அது என்று 1980களின் தொடக்கத்தில் அவர் ஒரு பத்திரிகையிடம் கேட்டார். அந்தச் செய்தியைப் படித்த வெளிநாட்டுக் கணிதவியலாளர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற அமெரிக்கச் சிற்பியிடம் வெண்கல மார்பளவுச் சிலை செய்யச் சொல்லி, அதை ஜானகி அம்மாளுக்குக் கொடுத்தார்கள். ஓய்வூதியமும் பிற்காலத்தில் உயர்ந்தது. 1994 ஏப்ரல் 13ல், 95 வயதில், அவர் காலமானார். கணவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அவர் இல்லாமல் வாழ்ந்தது 74 ஆண்டுகள்.

பத்ருக்குப் போகாத தோழர்

இந்த வரலாற்றைப் படித்தபோது, மத்ரஸாவில் ஓதிய ஒரு நிகழ்ச்சி என் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஹிஜ்ரி 2ம் ஆண்டு. பத்ருப் போருக்கு நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு புறப்படுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய மகள் ருகைய்யா (ரலி) கடும் நோயில் படுத்திருந்தார்கள். அவர்களின் கணவர் உஸ்மான் (ரலி) அவர்களைப் போருக்கு அழைத்துச் செல்லாமல், மனைவியின் அருகில் இருந்து கவனித்துக்கொள்ளும்படி நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். வெற்றிச் செய்தி மதீனாவுக்கு வந்தபோது ருகைய்யா (ரலி) அவர்கள் மரணித்து, அடக்கம் நடந்துகொண்டிருந்தது. பத்ரில் கலந்துகொண்டவர்களுக்குக் கிடைத்த பங்கும் கூலியும் உஸ்மான் (ரலி) அவர்களுக்கும் உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். இஸ்லாத்தின் முதல் பெரும் போர். எதிரிகளைவிடப் படையில் ஆள் குறைவு. அப்படிப்பட்ட நேரத்திலும் நோயுற்ற மனைவிக்குப் பக்கத்தில் கணவர் இருப்பது அவசியம் என்று முடிவு செய்யப்பட்டது. அந்த இருப்புக்குப் போர்க்களத்தின் நன்மை கொடுக்கப்பட்டது.

ராமானுஜனின் வீட்டில் மனைவி கணவருக்குச் செய்தார். உஸ்மான் (ரலி) வீட்டில் கணவர் மனைவிக்குச் செய்தார். இந்த இரண்டாவது பாடத்தை நம் ஆண்கள் எளிதாக மறந்துவிடுகிறோம். கணவன் படுத்தால் மனைவி பார்க்கிறாள். மனைவி படுத்தால், தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், அல்லது பெரிய மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுகிறோம். வேலைக்குப் போக வேண்டும், கடையைப் பார்க்க வேண்டும் என்ற காரணங்கள் உண்மைதான். பத்ரைவிடப் பெரிய காரணம் நம்மில் யாரிடம் இருக்கிறது?

நாம் செய்யக்கூடியவை

நலம் விசாரிக்கப் போகும்போது பழத்தோடு அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டையும் எடுத்துப் போகலாம். அன்று ஒரு நாளாவது அந்தப் பெண் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்காது. நம் வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துப் போனால், அவர்கள் உள்ளே சென்று அந்தச் சகோதரியிடம் தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். ஓர் இரவு நாங்கள் துணைக்கு இருக்கிறோம், நீங்கள் படுங்கள் என்று சொல்லக்கூடிய உறவுகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது, சொல்வதற்குத் தயங்கும் விஷயம். ராமானுஜன் தாள்கள் பெட்டியில் இருந்தன; அவை கைமாறியபோது தடுக்க அந்த இளம் விதவையால் முடியவில்லை. நம் வீடுகளிலும் பத்திரம் எங்கே, வங்கிப் புத்தகம் எங்கே, யாரிடம் கடன், யாருக்குக் கடன் என்று மனைவிக்குத் தெரியாமலே கணவர் மௌத்தாகிவிடுகிறார். நினைவு தெளிவாக இருக்கும்போதே இவற்றை எழுதி மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வைப்பது மரணத்தை அழைப்பதாகாது. அது அமானிதம்.

கொடுக்காமல் நின்ற மஹ்ர், கணவர் மீதுள்ள கடன். சொத்தைப் பாகம் பிரிக்கும் முன்பு அது தீர்க்கப்பட வேண்டும். கணவருக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் நான்கில் ஒரு பங்கு. இது யாரும் தயவு காட்டிக் கொடுப்பதில்லை. இறைவன் விதித்த ஹக். ஆண்டுக்கணக்கில் இரவு விழித்துப் பணிவிடை செய்த பெண்ணிடம், பங்கு கேட்கிறாளே என்று முகம் சுளிக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஜமாஅத் நிர்வாகிகள் இதில் முன்நின்று பேச வேண்டும்.

இன்னொன்று. ஜனாஸாவுக்குக் கூட்டம் வருகிறது. நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்கு யார் போகிறோம்? ஜானகி அம்மாளைக் காப்பாற்றியது அந்த 20 ரூபாயோடு, கற்றுக்கொண்ட தையலும்தான். தொழில் கற்க விரும்பும் சகோதரிக்கு ஒரு தையல் இயந்திரம், ஒரு கணினிப் பயிற்சி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று பைத்துல்மாலிலிருந்து செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது.

என் மகன் பள்ளியில் பேசிவிட்டு வந்தான். ராமானுஜனின் கணக்குகளை ஆசிரியர்களே சொல்லிவிட்டார்களாம். இவன் அந்த இரண்டு வெந்நீர்ப் பாத்திரங்களைப் பற்றிச் சொன்னானாம். அன்று இரவு தன் பாட்டிக்குக் கால் பிடித்துவிட, யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தான்.

நோயில் இருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குப் பக்கத்தில் விழித்திருப்பவர்களுக்கு உடல் பலத்தையும் நிறைந்த கூலியையும் தருவானாக. அவர்களுடைய உரிமைகளை நிறைவேற்றும் மக்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.